ஒரே கட்டத்தில் இரண்டு தாத்தாக்கள்: பரம்பரை தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தார். கையில் போன், போனுக்குள் ஐந்து தலைமுறை வம்சாவளி. கட்டம் போட்டு, கோடு இழுத்து, கலர் கொடுத்து அழகாகத்தான் இருந்தது. தாத்தா கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்: 1889இல் கிரயம் வாங்கியிருக்கிறார், 1958இல் உயில் எழுதியிருக்கிறார்.

"கிரயம் வாங்கும்போது பதினெட்டு வயசு என்றே வைத்துக்கொண்டாலும், உயில் எழுதும்போது எண்பத்தேழு ஆகிறதே தம்பி?"

"அந்தக் காலத்து ஆள் சார், திடமா இருந்திருப்பார்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், போட்டோவின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பத்திரமும் பதிவேடும் கைக்கு வந்த பிறகு விழும் குழிகளைத்தான் சொல்ல வந்தேன்.

பெயர் கிடைத்ததும் ஆளே கிடைத்துவிட்டார் என்று நினைப்பது

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைத் தாங்குகிறவன். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் வைக்கிற குடும்பத்தில், ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, மறுபடி ராமசாமி மகன் முத்துசாமி என்று இரண்டே பெயர்கள் ஊஞ்சல் ஆடும். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அப்பா பெயர், பிள்ளை பெயர் இரண்டுமே அச்சாகப் பொருந்திவிடும். போதாக்குறைக்கு சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கும் அதே பெயர். ஒரே தெருவில் நாலு முத்துசாமி இருப்பார்கள்.

என் கதை இது. எங்கள் பூர்வீகம் கரூர்ப் பக்கம். பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினையின் கைநகல் கிடைத்தது. மூலப் பத்திரம் இல்லை. யாரோ பார்த்து எழுதி வைத்த நகல். அதில் ராமசாமி மகன் முத்துசாமியும் (பெயர்கள் நான் வைத்தவை) அவர் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். தேதி "பவ ௵ ஆவணி ௴ ௰௨ ௳". அதாவது பவ வருஷம், ஆவணி மாதம், 12ஆம் தேதி. இங்கிலீஷ் வருஷம் இல்லை. பவ எப்போது வந்தது என்று பார்த்தேன், 1934. எங்கள் தாத்தாவும் ராமசாமி மகன் முத்துசாமிதான். 1934இல் அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சரியாகப் பொருந்துகிறது! தாத்தாவுக்கு யாருக்குமே தெரியாத ஒரு தம்பியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன்.

அந்தத் தம்பியின் வாரிசுகளைத் தேடி இரண்டு வருஷம் அலைந்தேன். வில்லங்கம் (நிலப் பரிவர்த்தனைகளைக் காட்டும் சான்று) போட்டுப் பார்த்தேன், நகல் மனுக் கொடுத்தேன், நாலு ஊருக்குப் பஸ் ஏறினேன். கடைசியில் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு வம்சாவளியை 200 பிரதி அச்சடித்து எடுத்துப் போய் விநியோகித்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்த அத்தை, தாத்தாவின் கடைசி மகள், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கய்யனுக்கு ஏதுடா தம்பி? அவரு ஒத்தப் புள்ளை."

அறுபது வருஷ வட்டத்தை நான் யோசிக்கவே இல்லை. பவ 1934இல் வந்தது போலவே 1874இலும் வந்தது. அந்தப் பத்திரம் தாத்தாவுடையது அல்ல, தாத்தாவின் தாத்தாவுடையது. அவரும் ராமசாமி மகன் முத்துசாமி. அந்தத் தம்பி உண்மையானவர்தான். நான்தான் அவரை இரண்டு தலைமுறை கீழே இறக்கி ஒட்டிவிட்டேன்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது தப்பு செய்ததற்காக அல்ல. பதில் அந்தக் காகிதத்திலேயே இருந்ததற்காக. முதல் வரியிலேயே "கோயமுத்தூர் ஜில்லா கரூர் தாலூகா" என்று எழுதியிருந்தது. கரூர் 1910 வரைதான் கோயமுத்தூர் ஜில்லா. அதற்குப் பிறகு திருச்சி, 1995இல் தனி மாவட்டம். 1934இல் எழுதிய பத்திரம் என்றால் திருச்சிராப்பள்ளி ஜில்லா என்றல்லவா இருக்க வேண்டும்? கொங்குப் பக்கம்தானே, கோயமுத்தூர் என்று எழுதியிருக்கிறார்கள் என்று தாண்டிப் போனேன். இன்னொன்று, சொத்து விவரத்தில் சர்வே நம்பரே இல்லை. காட்டின் (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) பெயரும் நாலு எல்லையும் மட்டும். 1934இல் சர்வே நம்பர் இல்லாமல் யார் பாகம் பிரிப்பார்கள்? அதையும் பார்த்தேன், தாண்டினேன்.

மூலப் பத்திரம் கிடைத்திருந்தால் முத்திரைத்தாளே காட்டிக் கொடுத்திருக்கும். விக்டோரியா ராணி தலை இருந்தால் 1901க்கு முன். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910இலிருந்து 1936க்குள். பழைய தாளைக் கொஞ்ச நாள் கழித்துப் பயன்படுத்தியிருக்கலாம், ஆனால் அறுபது வருஷம் கழித்து யாரும் பயன்படுத்த மாட்டார்கள். கைநகலில் தலை ஏது?

இப்போது எனக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. பெயரும் தகப்பன் பெயரும் பொருந்தினால் அதை ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவதாக ஒரு முளை வேண்டும்: மனைவி பெயர், வயது, சர்வே நம்பர், நாலெல்லையில் வரும் பக்கத்துக் காட்டுக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று ஏதாவது ஒன்று. சாட்சிகளைப் பலரும் படிப்பதே இல்லை. மச்சானும் பங்காளியும்தான் பெரும்பாலும் சாட்சி போட்டிருப்பார்கள். முளை கிடைக்கும்வரை ஆளுக்கு ஒரு எண் கொடுத்துத் தனித்தனிக் காகிதத்தில் வைத்திருப்பேன். மு-1, மு-2, மு-3. இரண்டு காகிதத்தை ஒன்றாக்க அவசரமே இல்லை.

இதே பெயர் விவகாரத்தில் ஒரு கிளை உண்டு. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்த வீடுகளில், அந்தப் பெயரை வைத்த சொந்தப் பிள்ளையையே அவள் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. சாமி, ராசு, பெரியதம்பி என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஊர் முழுக்க 'ராசு' என்று அறிந்தவர் பதிவேட்டில் முத்துசாமியாக இருப்பார். பத்திரத்தில் "என்கிற" என்ற சொல் வந்தால் அங்கே நின்று படியுங்கள்.

பிறப்புப் பதிவேட்டில் தாத்தா பெயரைத் தேடுவது

பெயர் இருக்காது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைச் சொல்லிப் பதிந்துவிடுவார்கள். 'ஆண்', தகப்பன் பெயர், தேதி, அவ்வளவுதான். தகப்பன் பெயரை வைத்துத் தேட வேண்டும்.

அதையும் தகப்பன் ஊரில் தேடிவிட்டு இல்லை என்று வந்து நிற்பார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? தாத்தா மூத்த பிள்ளை என்றால் அவர் அம்மாவின் பிறந்த ஊருக்குப் போங்கள். அந்த ஊர் எது என்று தெரியவில்லையா? அப்படியானால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

பள்ளிச் சான்றிதழ் தேதியை நம்புவது

அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். மற்றது வாத்தியார் போட்ட தேதி.

வில்லங்கத்தில் எல்லாம் வந்துவிடும் என்பது

உயில் வராது. சார்பதிவகத்தில் நிலப் பரிவர்த்தனைகள் 1ஆம் புத்தகத்தில் பதிவாகும், உயில்கள் 3ஆம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று முதலாவதைப் பார்த்துத் தருவது. எழுதியவர் இறந்துவிட்டால், பதிவான உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம் என்று பதிவுச் சட்டமே சொல்கிறது. வம்சாவளி தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. மூத்த தாரம், இளைய தாரம், கட்டிக் கொடுத்த பெண்கள், கோபித்துக்கொண்டு போன பிள்ளை, எல்லாரும் ஒரே காகிதத்தில். கோபித்துக்கொண்டு போனவனுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்ற காரணம்கூடச் சில உயில்களில் எழுதியிருக்கும்.

பசலியை அப்படியே எழுதிக்கொள்வது

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு வருஷம். இங்கிலீஷ் வருஷத்துக்கு 590 கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

தமிழ் எண்களை எழுத்தாகப் படிப்பது

௧ பார்க்க 'க' போலவே இருக்கும். ௨ 'உ', ௭ 'எ', ௮ 'அ'. "௮ ஏக்கர்" என்று இருந்ததை "அ ஏக்கர் என்றால் என்ன சார்?" என்று கேட்டார் ஒருவர். எட்டு ஏக்கர் என்றேன். அதன் பிறகு அவர் வம்சாவளியை விட்டுவிட்டு அந்த எட்டு ஏக்கர் எங்கே போனது என்று தேட ஆரம்பித்துவிட்டார். அது வேறு வியாதி.

இன்றைய பட்டா எண்ணை வைத்து நூறு வருஷம் பின்னால் போவது

1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணியில் உட்பிரிவு எண்கள் ஏகத்துக்கு மாறின, பெயர்களும் பிழையாக ஏறின. கிராமத்து நிலங்களின் பட்டியலான 'அ' பதிவேட்டில் பழைய எண்ணுக்கும் ஒரு கலம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு பிறகு பின்னால் போங்கள்.

நிலம் இல்லாத குடும்பம், எங்களுக்கு ஏது பதிவேடு என்பது

பாதி உண்மைதான். ஆனால் 1860களில் எடுத்த இனாம் (மானிய நிலம்) பதிவேடுகளைப் பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். கோயிலில் மேளம் வாசித்தவர், மாலை கட்டியவர் என்று சேவைக்காகக் காணி நிலம் பெற்றவர்களும் அதில் வருகிறார்கள். அனுபவிப்பவரின் பெயர், வயது, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்பது வரை எழுதியிருப்பார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தாலுகா, கிராமம் சொல்லிக் கேட்க வேண்டும். அன்றைய தாலுகாவைச் சொல்லி.

எல்லாக் கப்பலுக்கும் பட்டியல் உண்டு என்பது

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் வரை பட்டியலில் உண்டு. கங்காணியோடு (தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். கங்காணி கிளம்பிய ஊரைத் தேடுங்கள். அவர் சொந்த ஊர்ப் பக்கமும் உறவு வழியிலும்தான் ஆள் சேர்த்தார்.

பாட்டியை விட்டுவிடுவது

மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகக் கைநாட்டு வைத்தவள் அவள்தான். நான் மேலே சொன்ன மூன்றாவது முளை பல சமயம் அவள் பெயர்.

பழைய பத்திரத்தை லேமினேஷன் செய்வது

செய்யாதீர்கள். செய்தாகிவிட்டது என்றால் என்னிடம் கொண்டுவந்து காட்டவும் வேண்டாம்.