இரவில் நகலெடுக்க விண்டோஸைப் பழக்குவது எப்படி: சில பழைய டிக்குகளின் கதை

எங்கள் தணிக்கை அலுவலகத்தில் தினமும் இரவு எட்டரைக்குக் கணக்குக் கோப்புகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் வேலையை விண்டோஸிடம் ஒப்படைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அந்த வேலையை ஒரு புதிய கணினியில் அமைக்கச் சொன்னால், மறுநாள் காலை "அக்கா, ஓடவே இல்லை" என்று வந்து நிற்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் தானாகவே போட்டுவைக்கும் டிக்குகளை அப்படியே விட்டிருப்பார்கள். அந்த டிக்குகள் வேறு வேலைக்காக, வேறு காலத்தில் போடப்பட்டவை.

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, மைக்ரோசாஃப்ட் பிளஸ் என்ற தொகுப்பைத் தனியாக விலைக்கு விற்றார்கள். அதில்தான் சிஸ்டம் ஏஜென்ட் இருந்தது. யாரும் கணினியைத் தொடாத நேரம் பார்த்து டிஸ்க்கைச் சோதிப்பதும், சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் அதன் வேலை. விண்டோஸ் 98 வந்தபோது அது டாஸ்க் ஷெட்யூலர் என்ற பெயரோடு கணினியிலேயே குடியேறிவிட்டது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ் என்ற உறை (ஃபோல்டர்) தெரியும். ஆக, இது பிறப்பால் வீடு கூட்டும் ஆள். ஆள் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும், மின்சாரம் போனால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடும். அதனிடம் நாம் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்துக் காவல் இருக்கச் சொல்கிறோம். முதலில் அதன் பழைய பழக்கங்களை மாற்ற வேண்டும்.

தொடக்கப் பொத்தானை அழுத்தி 'டாஸ்க்' என்று தட்டினாலே டாஸ்க் ஷெட்யூலர் வந்துவிடும். வலப்பக்கம் 'கிரியேட் பேசிக் டாஸ்க்', 'கிரியேட் டாஸ்க்' என்று இரண்டு இருக்கும். முதலாவதைத் தொடாதீர்கள். எளிமை என்ற பெயரில், நாம் மாற்ற வேண்டியவற்றை எல்லாம் அது கண்ணில் காட்டாது. இரண்டாவதைத் திறந்தால் வரும் சன்னல் 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் பிறந்தது. பெரிய மாற்றமில்லாமல் இன்றும் அதேதான். சந்தேகம் இருந்தால் முதல் தாவலின் அடியில் 'கான்ஃபிகர் ஃபார்' என்ற பெட்டியைப் பாருங்கள். விண்டோஸ் 10இல்கூட அங்கே விஸ்டாவின் பெயர் நிற்கிறது. அதை உங்கள் பதிப்புக்கு மாற்றுங்கள்.

அதே தாவலில், பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு என்ற தேர்வைக் குறியுங்கள். கடைசியில் கடவுச்சொல் கேட்கும். நான்கு இலக்க PIN எண் செல்லாது, கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வைத்துக்கொண்டு வேலை ஏன் ஓடவில்லை என்று நான் ஒரு வாரம் தவித்தேன். வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கால் கணினி முன் உட்கார்ந்து மட்டுமே நுழைய முடியும் என்பது எக்ஸ்பி கொண்டுவந்த விதி. இன்னொன்று, கடவுச்சொல்லை மாற்றினால் இங்கேயும் வந்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அன்றிலிருந்து வேலை நின்றுவிடும், வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தேர்வோடு விஸ்டா வைத்த ஒரு கண்ணியும் வரும். இப்படி ஓடும் வேலைக்குத் திரையில் சன்னல் தெரியாது. நமக்குப் புலப்படாத தனி அறையில் அது ஓடுகிறது. நகலெடுக்கும் கட்டளைகளை எழுதிவைத்த பேட்ச் கோப்பின் கடைசியில் பழக்கதோஷத்தில் 'பாஸ்' (pause) என்று ஒரு வரி இருந்தால், ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று அந்த அறைக்குள் அது காத்துக்கொண்டே இருக்கும். யார் அழுத்துவது? மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பது தானாகப் போட்ட விதி. எக்ஸ்பியில் அதுவே 72 மணி நேரம் என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்காதே என்பது இன்னொரு விதி. இரண்டும் சேர்ந்தால் அடுத்து வரும் இரவுகளின் நகல்கள் போயின. முடிவைக் காட்டும் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பகுதியில் 41301 என்று முடியும் எண் காலையிலும் தெரிந்தால் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'பாஸ்' வரியை நீக்குங்கள். 'செட்டிங்ஸ்' தாவலில் மூன்று நாளை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள்.

அதே தாவலில், குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓடு என்ற பெட்டி காலியாக இருக்கும். டிக் போடுங்கள். எட்டு மணிக்கே யாராவது கணினியை அணைத்துவிட்டுப் போயிருந்தால், மறுநாள் காலை திறந்த சற்று நேரத்தில் அது வேலையைப் பிடித்துக்கொள்ளும்.

'கண்டிஷன்ஸ்' தாவலில்தான் வீடு கூட்டுபவரின் குணம் அப்படியே இருக்கிறது. மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து. இரண்டும் டிக்கோடு வரும். மடிக்கணினிக்குச் சரி, எங்களிடம் இருப்பது மேசைக் கணினிதானே என்று அலட்சியமாக இருந்தேன். ஆனால் யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்திருந்தோம். விண்டோஸின் கண்ணுக்கு அதுவும் ஒரு பேட்டரிதான். எட்டே முக்காலுக்கு மின்வெட்டு வந்தால் நகல் பாதியில் நிற்கும். யூபிஎஸ்ஸோ இருபது நிமிடம் தாங்கும். இரண்டு டிக்குகளையும் எடுங்கள்.

'ஆக்‌ஷன்ஸ்' தாவலில் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் மேற்கோள் குறி போடக் கூடாது. பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தாலும் கூடாது. மேல் பெட்டியில் போடலாம், கீழ்ப் பெட்டியில் கூடாது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நகல் போகும் இடம் பிணையத்தில் இருந்தால் இசட் டிரைவ், ஒய் டிரைவ் என்று நீங்கள் சூட்டிய எழுத்துகள் உதவாது. நீங்கள் உள்ளே நுழையாதபோது அந்த எழுத்துகளும் இல்லை. இரண்டு பின்சாய்கோடுகளோடு தொடங்கும் முழு முகவரியை எழுதுங்கள்.

இனி, என்னை மூன்று மாதம் ஏமாற்றிய பூஜ்யத்தின் கதை. நகலெடுக்க நாங்கள் ரோபோகாப்பி என்ற கட்டளையைப் பேட்ச் கோப்பில் பயன்படுத்துகிறோம். விஸ்டா முதல் அது விண்டோஸோடு வருகிறது. ஒரு ஆண்டு ஏப்ரல் முழுக்க, மே முழுக்க, காலையில் வந்ததும் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பகுதியைப் பார்ப்பேன். பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன். ஜூன் கடைசியில் சார் ஒரு பழைய பேரேட்டைக் கேட்டார். நகலில் தேடினேன். ஏப்ரல் முதல் ஒரு கோப்புகூட இல்லை. புதிய நிதியாண்டுக்குக் கணக்கு மென்பொருள் புதிய உறையைத் தொடங்கியிருந்தது. என் பேட்ச் கோப்போ பழைய ஆண்டின் உறையையே காட்டிக்கொண்டிருந்தது. ரோபோகாப்பியின் மொழியில் பூஜ்யம் என்றால் 'நகலெடுக்க எதுவும் இல்லை'. கோப்புகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அது 1 என்று சொல்லும். மற்ற நிரல்களுக்கு 1 பெரும்பாலும் கோளாறு. இங்கே அதுதான் நல்ல சேதி. 8உம் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ போய்ச் சேரவில்லை என்று பொருள். தினமும் கணக்கு எழுதும் அலுவலகத்தில் தினமும் பூஜ்யம் வந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, எந்தத் தாவலிலும் இல்லாத ஒன்று. பேட்ச் கோப்பை நான் இரட்டைக் கிளிக் செய்தால் இருபது நிமிடத்தில் முடிந்தது, ஷெட்யூலர் ஓட்டினால் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. ஷெட்யூலர் வேலைகளுக்கு 7 என்ற முன்னுரிமை எண்ணைத் தானாகவே கொடுக்கிறது. எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். டிஸ்க்கைத் தொடுவதிலும் கடைசி வரிசைதான். மீண்டும் அதே வீடு கூட்டும் புத்தி. மாற்ற வேண்டுமானால், வேலையை வலக் கிளிக் செய்து ஏற்றுமதி செய்யுங்கள். விஸ்டாவிலிருந்து இந்த வேலைகள் எக்ஸ்எம்எல் கோப்புகள், நோட்பேடில் திறந்து படிக்கலாம். பிரையாரிட்டி வரியில் 7ஐ 4 ஆக்கிச் சேமித்து, பழைய வேலையை அழித்துவிட்டு இதை இறக்குமதி செய்யுங்கள். எக்ஸ்பியின் ஜாப் கோப்புகளில் இந்த வசதி கிடையாது, அவை கண்ணால் படிக்க முடியாதவை.

நினைவில் வைக்க ஒரு சிறு விஷயம்: இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள், வேலைக்கு நேரம் குறிக்க 'ஏட்' (at) என்ற கட்டளையைத் தட்டச் சொல்லும். விண்டோஸ் என்டி காலத்துச் சரக்கு அது. விண்டோஸ் 8இலேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள், தட்டினால் வேறு கட்டளைக்குப் போகச் சொல்லும். வேலை முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பு என்ற தேர்வும் அப்போதே கைவிடப்பட்டதுதான். பட்டியலில் தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள்.

வேலை எப்போது ஓடியது என்று குறித்துவைக்கும் பதிவேடு அணைந்திருந்தால், வலப்பக்கம் 'எனேபிள் ஆல் டாஸ்க்ஸ் ஹிஸ்டரி' என்பதை ஒருமுறை அழுத்துங்கள். எக்ஸ்பியில் இருந்தது ஒரு சிறு உரைக் கோப்பு. நிறைந்ததும் மேலிருந்து மறுபடி எழுதத் தொடங்கும், ஆகவே கடைசிச் சேதி நடுவில் எங்கோ கிடக்கும். 'அண்மைப் பதிவு இந்தக் கோட்டுக்கு மேலே' என்று ஒரு வரி அதற்கு அடையாளம்.

சோதனைக்கு 'ரன்' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள். நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து, கணினியிலிருந்து வெளியேறி, யூபிஎஸ்ஸின் சுவர் ஸ்விட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். பிறகு உள்ளே நுழைந்து, நகல் உறையில் இன்றைய தேதியிட்ட கோப்பு ஒன்றைத் திறந்தே பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் ஏப்ரல் முதல் வாரத்தில் பேட்ச் கோப்பின் பாதையை நானே மாற்றுகிறேன். சுவர் நாட்காட்டியில் ஏப்ரல் 2க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் '1 வந்ததா?' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகள் அது ஏதோ சீட்டுப் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.