உளுந்து, பயறு, கௌப்பி: இளங்கன்றுக்கு எந்தச் சத்துப் போதவில்லை என்று சட்டியில் கண்டுபிடிப்பது எப்படி

முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் உளுந்து வெளிறினால் வன்னியில் முதலில் கை போவது யூரியாப் பைக்குத்தான். பல காணிகளில் அது பிழையான பை.

முதல் ஏழெட்டு நாள் கன்று பெரும்பாலும் வித்திலையில் இருக்கும் சேமிப்பிலேயே வளரும். அது தீர்ந்த பிறகு நைதரசனுக்கு வேர்முடிச்சைத்தான் நம்பவேண்டும்; வேரில் உருண்டையாகத் தெரியும் இந்த முடிச்சுக்குள் றைசோபியம் என்ற பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கன்றுக்குக் கொடுக்கும். முடிச்சு 10–14 நாளில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஒழுங்காக வேலைசெய்ய மூன்று கிழமையாகும். இடையில் கன்று கொஞ்சம் வெளிறுவது வழமை. அடிக்கட்டாக, அதாவது விதைக்கும்போதே, போடும் சிறிதளவு யூரியா இந்த இடைவெளிக்கு மட்டும்தான். கூடப் போட்டால், மண்ணிலேயே நைத்திரேற்று (வேர் உறிஞ்சும் நைதரசன்) கிடைப்பதால் வேர் முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துவிடும்.

பொசுபரசுக் குறைபாடு வேறு மாதிரி. கன்று மஞ்சளாகாது; கடும்பச்சையாகக் குள்ளமாக நிற்கும், சிலவேளை தண்டு ஊதா பூசும். பச்சையாக இருப்பதால் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. பொசுபரசு மண்ணில் அசைவது மிகக் குறைவு, வேர்தான் அதைத் தேடிப்போகவேண்டும். சின்ன வேர் எட்டும் தூரம் சிறிது. முடிச்சு வேலைசெய்யவும் பொசுபரசு நிறையத் தேவை. ஆகவே பொசுபரசு இல்லாத கன்றுக்குப் பின்னால் நைதரசனும் குறைகிறது. அப்போது மஞ்சளைப் பார்த்து யூரியா போடுவதால் மூலக்காரணம் தீராது.

இதை உங்கள் மண்ணிலேயே 25 நாளில் பார்த்துவிடலாம். வாய் 20 சென்ரிமீற்றர் அகலமான, அடியில் துளையுள்ள வாளியோ நாற்றுப் பையோ 15 எடுங்கள். காணியில் ஏழெட்டு இடத்தில் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணை வெட்டி, ஒன்றாகக் கலந்து, கட்டி உடைத்து நிரப்புங்கள். மாவாக அரிக்கவேண்டாம், தண்ணீர் ஊற்ற இறுகிவிடும். எரு போட்டு வைத்த மூலை, பழைய மாட்டுப்பட்டி, எரித்த சாம்பல் கிடந்த இடம் ஆகியவற்றின் மண் வேண்டாம்.

ஐந்து வகை, வகைக்கு மூன்று சட்டி: ஒன்றும் இடாதது; யூரியா (நைதரசன்), ரி.எஸ்.பி. (பொசுபரசு), எம்.ஓ.பி. (பொட்டாசியம்) மூன்றும் இட்டது; யூரியா மட்டும் இடாதது; ரி.எஸ்.பி. மட்டும் இடாதது; எம்.ஓ.பி. மட்டும் இடாதது.

அளவுதான் சிக்கல். பயறு, உளுந்துக்கு வழமையான அடிக்கட்டு ஹெக்ரயருக்கு யூரியா 35, ரி.எஸ்.பி. 100, எம்.ஓ.பி. 75 கிலோ. 20 சென்ரிமீற்றர் சட்டிக்கு இது முறையே 0.11, 0.31, 0.24 கிராம். வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. யூரியா 11 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரிலும், எம்.ஓ.பி. 24 கிராமை இன்னொரு லீற்றரிலும் கரைத்து, சட்டிக்கு 10 மில்லிலீற்றர் வீதம் ஊசிக்குழாயால் எடுங்கள். ரி.எஸ்.பி. முழுதாகக் கரையாது, 31 கிராமை நன்றாக இடித்து, 969 கிராம் காய்ந்த மணலோடு கலந்து, அதில் 10 கிராமைச் சட்டியின் மேல் பத்துச் சென்ரிமீற்றர் மண்ணில் சேருங்கள். ரி.எஸ்.பி. இல்லாத சட்டிக்கும் வெறும் மணல் 10 கிராம் போடுங்கள். கரைசலை ஒரு குவளை தண்ணீரில் கலந்து விதைக்க முன் ஊற்றுங்கள். கரைசல் விடாத சட்டிக்கும் அதேயளவு தண்ணீர்.

சட்டிக்கு ஐந்து விதை, 3 சென்ரிமீற்றர் ஆழத்தில். ஏழாம் நாள் இரண்டை விட்டு மற்றதைக் கத்திரிக்கோலால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேர் குலையும். மரநிழல் இல்லாத இடத்தில் வைத்து, நாலு நாளுக்கொருக்கால் இடம் மாற்றுங்கள். அடியால் வடியுமளவுக்குத் தண்ணீர் விட்டால் நைத்திரேற்றுக் கழுவுண்டு போய்விடும்.

முதல் வாரத்தில் எல்லாச் சட்டியும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதைப் பார்த்து "பசளை தேவையில்லை" என்று முடிவெடுக்கவேண்டாம். வித்தியாசம் இரண்டாம் வாரக் கடைசியில் வரும். 25ஆம் நாள் மூவிலைகளை (ஒரு காம்பில் மூன்று சிற்றிலை உள்ள இலைகளை) எண்ணுங்கள். உயரம் ஏமாற்றும்; வெளிச்சம் குறைந்த கன்றும் நெடுப்பாக வரும். பிறகு சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, வேரைக் கழுவி, முடிச்சை எண்ணி, நாலைந்தை நகத்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலைசெய்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை அல்லது பயனற்றது. பச்சை, கபிலம் என்றால் காலம் முடிந்தது.

ரி.எஸ்.பி. இடாத சட்டிகள் மட்டும் குள்ளம் என்றால் உங்கள் காசு போகவேண்டிய இடம் தெரிந்துவிட்டது. யூரியா மட்டும் இடாத சட்டி வெளிறி, பிறகு எட்டிப்பிடித்து, சிவப்பு முடிச்சும் காட்டினால் மண்ணில் ஏற்ற றைசோபியம் இருக்கிறது. யூரியாவைக் கூட்டத் தேவையில்லை. 25 நாளிலும் வெளிறி முடிச்சும் இல்லையென்றால் விதையோடு றைசோபியம் கலந்து விதைக்கவேண்டும். அதை நிழலில் கலந்து அன்றே விதையுங்கள், பூஞ்சணக் கொல்லியோடு சேர்க்கவேண்டாம். எம்.ஓ.பி. தரும் பொட்டாசியத்தின் குறைபாடு பெரும்பாலும் கரையோர மணலில்தான் தெரியும்: கீழ் இலை ஓரம் கருகும்.

காணியில் போடும்போது ஏக்கருக்கு யூரியா 14, ரி.எஸ்.பி. 40, எம்.ஓ.பி. 30 கிலோ என்று கணக்கிடுங்கள். சட்டி காட்டியதை விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். ரி.எஸ்.பி.யை மேலே தூவிவிட்டுப் போனால் அது அங்கேயே கிடக்கும். விதை வரியிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி, 5 சென்ரிமீற்றர் ஆழமாக வைத்து மூடுங்கள். விதையோடு ஒட்டி விழுந்தால் எம்.ஓ.பி.யின் உப்பும் யூரியாவிலிருந்து வரும் அமோனியாவும் முளையைக் கருக்கும்.

சட்டி நன்றாக இருந்தும் காணியில் மஞ்சள் வந்தால் சத்தை விட்டு வேறிடம் பாருங்கள். நெல் வெட்டிய வயலில் பச்சை வைக்கோலை உழுது மூடி உடனே பயறு போட்டால், வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நைதரசனை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் நின்று வற்றிய வயல் மண் பொசுபரசையும் இறுகப் பிடிக்கும். காலபோக மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும், முடிச்சும் வேலையை நிறுத்தும். அங்கே வடிகால்தான் பசளை. மன்னார் முருங்கன் பக்கக் கருங்களி மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் சித்திர வைரசு. எந்தப் பசளைக்கும் மாறாது, அந்தக் கன்றைப் பிடுங்கி அழிக்கவேண்டும்.