எல்லோரும் கட்டலாம் என்று சர்வரைத் திறக்கும் முன்: மைன்கிராஃப்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 ஏப்ரலில் டென்மார்க் அரசின் புவியியல் தகவல் துறை தன் நாடு முழுவதையும், பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட்டுக்குள் கட்டி வைத்தது. ஒரு மீட்டருக்கு ஒரு பிளாக், மொத்தம் சுமார் 4 லட்சம் கோடி பிளாக்குகள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊருக்குள் நடந்து பார்க்கலாம், புதிதாகக் கட்டியும் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யாரும் வெடி வைத்துவிடக் கூடாதே என்று டிஎன்டியை முடக்கியிருந்தார்கள். டிஎன்டி ஏற்றிய தண்டவாள வண்டியை மட்டும் மறந்துவிட்டார்கள். சில வாரங்களிலேயே ஒரு கூட்டம் அந்த வண்டிகளோடு நுழைந்து கட்டடங்களைத் தகர்த்து, அந்த இடத்தில் அமெரிக்கக் கொடிகளை நட்டுவிட்டுப் போனது. சேதமானது சிறு பகுதிதான் என்று துறை சொன்னது.

அடுத்தவர் கட்டியதை வேண்டுமென்றே கெடுப்பதை கிரீஃபிங் என்கிறார்கள். இந்த பயத்தில் பலர் சேர்ந்து விளையாடும் உலகத்தை இயக்கும் சர்வரில் எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் அட்மின்கள், அதாவது சர்வரை நடத்துகிறவர்கள், நிறைய. என் எண்ணம் வேறு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களுமாக இருபது பேர் விளையாடும் ஒரு சின்ன சர்வரை சில வருடங்களாக நடத்தி வருகிறேன். ஒருவர் பாதி கட்டிய பாலத்தை இன்னொருவர் வந்து முடிப்பது திறந்த சர்வரில்தான் நடக்கும். அதனால் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் கெட்டுப்போனால் பழையபடி கொண்டுவர வழி செய்துவிட்டுத் திறக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வந்தவை.

பதிவு இல்லாமல் திறப்பது

இதுதான் முதல் தவறு, நானே செய்த தவறு. அக்கா மகளுக்கு அப்போது பதினொரு வயது. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து மணற்கல்லில் ஏழுநிலைக் கோபுரம் ஒன்று கட்டினாள். ஒவ்வொரு நிலையிலும் படிக்கட்டுப் பிளாக்குகளைத் தலைகீழாக வைத்துக் கபோதம் (கோயில் கோபுரத்தில் வெளியே நீளும் விளிம்பு) மாதிரி வளைவு கொண்டுவந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் மேல் மூன்று நிலைகள் இல்லை. வாசல் வழியே லாவா வழிந்துகொண்டிருந்தது. "மாமா, இதை யார் பண்ணிருப்பா?" என்று மட்டும்தான் கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யார் எந்தப் பிளாக்கை உடைத்தார்கள் என்று சர்வர் தானாகக் குறித்து வைப்பதில்லை, அதற்கென்று நானும் எதையும் போட்டிருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் "நான் இல்லை" என்றது. இரண்டு வாரம் ஒருவர்மேல் ஒருவருக்கு சந்தேகம். இரண்டு பையன்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தார்களா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போன மூன்று நிலைகளை அவள் மறுபடி கட்டிவிட்டாள், அந்த இரண்டு பேர் மட்டும் திரும்பவில்லை.

பேப்பர் என்ற சர்வர் மென்பொருள் மாதிரி பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஏற்கும் சர்வர் வைத்திருந்தால், யாரையும் உள்ளே அழைக்கும் முன் கோர்ப்ரொடெக்ட் என்ற பிளகினைப் போட்டுவிடுங்கள். போட்ட நாளிலிருந்து நடப்பதை மட்டும்தான் அது குறித்து வைக்கும். உடைந்த பிறகு போட்டுப் பயனில்லை. இன்ஸ்பெக்ட் கட்டளையைக் கொடுத்துவிட்டு வெறுமையாகிப்போன இடத்தில் தட்டினால், எத்தனை மணி நேரத்துக்கு முன் யார் எந்தப் பிளாக்கை எடுத்தார்கள் என்று வரி வரியாக வரும். செஸ்ட்டை (பொருள் வைக்கும் பெட்டி) தட்டினால் யார் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்பதும் வரும். அப்புறம் ரோல்பேக், அதாவது ஒருவர் செய்ததைப் பின்னோக்கி மாற்றுவது. ஆள் பெயர், எத்தனை மணி நேரம், எத்தனை பிளாக் தூரம் வரை என்று மூன்றையும் கொடுத்தால் போதும். சின்ன இடம் என்றால் சில நொடிகளில் பழையபடி எழுந்து நிற்கும்.

ரோல்பேக்கிலும் ஒரு தவறு செய்வார்கள். அவசரத்தில் பெயரைக் கொடுக்காமல் நேரத்தை மட்டும் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அந்தத் தூரத்துக்குள் மற்ற பிள்ளைகள் நல்லபடியாகக் கட்டியதும் சேர்ந்து காணாமல் போகும். ரீஸ்டோர் கட்டளையால் திருப்பிவிடலாம் என்றாலும், முதலில் பிரிவியூ பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

பேக்கப் தனி விஷயம். கோர்ப்ரொடெக்ட் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலகக் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பும் அதில் சேர்ந்துவரும். சேவ் ஆஃப் (தானாகச் சேமிப்பதை நிறுத்தும் கட்டளை), சேவ் ஆல் (எல்லாவற்றையும் சேமிப்பது), நகல், மறுபடி சேவ் ஆன் என்ற வரிசையில் செய்யுங்கள். நகல் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு இடத்தில் ஓடவிட்டு உலகம் திறக்கிறதா என்று பாருங்கள். கோபுரம் உடைந்த அன்று என்னிடமும் ஒரு பேக்கப் இருந்தது. கோபுரம் தொடங்குவதற்கு முந்தைய தேதி அதில் இருந்தது.

நண்பன் என்பதற்காக ஓபி கொடுப்பது

"எனக்கும் ஓபி கொடு" என்று கேட்காத பிள்ளை கிடையாது. ஓபி என்றால் ஆபரேட்டர், சர்வரில் சிறப்பு அதிகாரம் உள்ளவர். அதில் 1 முதல் 4 வரை படிகள் உண்டு. முதல் படியில் ஸ்பான் (ஆட்டக்காரர்கள் முதலில் தோன்றும் இடம்) பாதுகாப்பை மீறிக் கட்டலாம், அவ்வளவுதான். இரண்டாம் படியில் பொருள்களை வரவழைப்பது, விளையாட்டு முறையை மாற்றுவது போன்ற கட்டளைகள் கிடைக்கும். மூன்றில் மற்றவர்களை வெளியேற்றலாம், தடை செய்யலாம். நான்கில் சர்வரையே நிறுத்தலாம். நீங்கள் அமைப்புக் கோப்பில் எதையும் மாற்றாமல் ஓபி கொடுத்தால் போய்ச் சேர்வது நான்காம் படி. இது பலருக்குத் தெரிவதே இல்லை. ஃபில் கட்டளை ஒரே தடவையில் 32,768 பிளாக்குகள் வரை மாற்றிவிடும். கெட்ட எண்ணமே வேண்டாம், ஒரு எண்ணைத் தப்பாக அடித்தாலே ஒரு தெரு போய்விடும்.

பிள்ளைகள் ஓபி கேட்கும்போது உண்மையில் அவர்களுக்கு வேண்டியது ஒன்றிரண்டு வசதிதான். வீட்டுக்குத் தாவிப் போக வேண்டும், அல்லது நண்பன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கும் லக்பெர்ம்ஸ் பிளகினைப் போட்டு அந்த ஒன்றிரண்டை மட்டும் கொடுங்கள். சரி, எதற்கு வம்பு என்று நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் ஓபி கொடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பெயரைச் சரிபார்க்காமல் விடுவது

கணக்கு வாங்காத நண்பர்களும் வரட்டும் என்று வருகிறவரின் கணக்கைச் சரிபார்க்கும் ஆன்லைன் மோடை அணைத்துவிடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அணைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து செய்யுங்கள். வருகிறவர் சொல்லும் பெயரை சர்வர் அப்படியே நம்பும். உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு யார் நுழைந்தாலும் உங்கள் ஓபி அவருக்குக் கிடைத்துவிடும். அனுமதித்த பெயர்களை மட்டும் உள்ளே விடும் பட்டியலான வைட்லிஸ்ட்டும் அப்போது காவலாக இருக்காது, பட்டியலில் உள்ள ஒரு பெயர் தெரிந்தால் போதும். முடிந்தவரை அணைக்காதீர்கள். அணைத்தே ஆக வேண்டும் என்றால் நுழையும்போது கடவுச்சொல் கேட்கும் ஆத்மீ போன்ற பிளகின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடவிடாதீர்கள்.

"நம்ம சர்வரை யாருக்குத் தெரியும்" என்று நினைப்பது

ஐபி முகவரியை யாரிடமும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையிலும் மைன்கிராஃப்ட் சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் 25565 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. சின்ன சர்வர்களைத் தேடிப்பிடித்து நாசம் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வைட்லிஸ்ட் ஆரம்பத்தில் அணைந்துதான் இருக்கும், நாம்தான் போட வேண்டும். இருபது பேர் வரும் இடத்துக்கு அதைவிட எளிய காவல் கிடையாது.

எல்லை போடாமல் விடுவது, எல்லாவற்றுக்கும் எல்லை போடுவது

ஸ்பான் பாதுகாப்பு 16 என்று இருப்பதைப் பார்த்து ஊரே பத்திரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது காப்பது ஸ்பான் புள்ளியைச் சுற்றி 33க்கு 33 பிளாக் சதுரத்தை மட்டும். சர்வரில் ஒரு ஓபியாவது இல்லையென்றால் அதுவும் வேலை செய்யாது.

அவரவர் இடத்தை அவரவரே அடைத்துக்கொள்ள கிரீஃப் பிரிவென்ஷன் என்ற பிளகின் நன்றாக இருக்கிறது. தங்க மண்வெட்டியால் இரண்டு மூலைகளைத் தட்டினால் இடம் பதிவாகிவிடும், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். இங்கே நடக்கும் தவறு, மற்றவருக்கு அனுமதி தரும் டிரஸ்ட் கட்டளையில். கதவைத் திறக்க மட்டும் ஒன்று, செஸ்ட்டைத் தொட ஒன்று, கட்டவும் உடைக்கவும் ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. தோழி வீட்டுக்குள் வந்து பார்க்கட்டும் என்று நினைத்து முழு டிரஸ்ட்டைக் கொடுத்துவிடுவார்கள். இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

பொது இடங்களுக்கு வேர்ல்ட்கார்டு என்ற பிளகின். அதில் கிரீப்பர் (அருகே வந்து வெடிக்கும் பிராணி) வெடிப்பு, நெருப்புப் பரவல், லாவா ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு இருப்பதால், இடத்தை அடைத்ததோடு நிற்காமல் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வையுங்கள். கிரீப்பருக்கு பயந்து, விளையாட்டில் வரும் உயிர்கள் பிளாக்குகளை மாற்ற அனுமதிக்கும் மாப் கிரீஃபிங் விதியை மொத்தமாக அணைத்தால் கிராமவாசிகள் விவசாயம் செய்ய மாட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஓர் இடத்தையாவது அடைக்காமல் விடுங்கள். செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. நிலத்துக்காரர் எல்லோரும் கட்டலாம் என்று விட்டுவிட்டு, மற்றவர்கள் வைத்த பொருள் இத்தனை நிமிடத்தில் அவரவரிடமே திரும்பிப் போய்விடும் என்று அமைத்து வைப்பார். நாங்கள் அதைப் பார்த்து ஆற்றங்கரையில் ஒரு திடலை ஒதுக்கினோம். அங்கே எதையும் கட்டலாம், யார் கட்டியதையும் உடைக்கலாம், மாதக் கடைசியில் பழையபடி வெறும் திடலாக்கிவிடுவேன். வெடித்துப் பார்க்கும் ஆசை அங்கே தீர்ந்துவிடுவதால் மற்ற இடங்களில் தொல்லை குறைந்தது.

பிடிபட்ட உடனே தடை செய்வது

வெளியாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தடை செய்துவிட்டு ரோல்பேக் போடுங்கள். எல்லோர் முன்னாலும் அவரோடு வாதாடினால் அவர் தேடி வந்தது கிடைத்துவிடும். நம் பிள்ளை என்றால் அப்படிச் செய்யாதீர்கள். கோர்ப்ரொடெக்ட் வந்த பிறகு எங்கள் சர்வரில் ஒரு வீட்டை உடைத்ததாக ஒரு பையனின் பெயர் வந்தது. தனியாகக் கூப்பிட்டு அந்த வரிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் சுரங்கத்தை யாரோ மூடிவிட்டதாகவும் அந்த வீட்டுக்காரன்தான் என்று நினைத்ததாகவும் சொன்னான். சுரங்க வாயிலில் போய்த் தட்டிப் பார்த்தோம். மூடியது வேறு ஒரு பெண், கிரீப்பர் வரக்கூடாதே என்று அவனுக்கு உதவியாக மூடியிருந்தாள். ரோல்பேக் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே கட்டித் தருகிறேன் என்றான்.

அட்மின் கண்ணால் மட்டும் பார்ப்பது

உங்களுக்கு எல்லா அனுமதியும் இருப்பதால் ஓட்டை எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. திறப்பதற்கு முந்தைய நாள், எந்த அனுமதியும் இல்லாத ஒரு கணக்கில் நுழைந்து ஒரு மணி நேரம் சுற்றுங்கள். சிக்கிமுக்கிக் கல்லால் மரச்சுவரைப் பற்றவையுங்கள். எல்லைக்கு வெளியே உயரத்தில் நின்று லாவா வாளியைக் கவிழ்த்துப் பாருங்கள். பிஸ்டனை வெளியே வைத்து உள்ளே ஒரு பிளாக்கைத் தள்ளுங்கள். சுவரில் மாட்டிய சட்டத்திலிருந்து பொருளைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக எல்லை வரை தண்டவாளம் போட்டு, வண்டியில் டிஎன்டியை ஏற்றி உள்ளே அனுப்பிப் பாருங்கள்.