டொயோட்டா 86: காலையில் இரண்டாம் கியர் கரகரத்தால் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுவது எப்படி

காலையில் வண்டியை எடுத்து முதலிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது லீவர் விறைத்துக்கொண்டு நிற்கும். அவசரப்பட்டுத் தள்ளினால் 'கர்ர்' என்று பல் கடிக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் அதே கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழும். முதல் தலைமுறை டொயோட்டா 86, அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட், அமெரிக்காவில் 2016 வரை சையான் எஃப்ஆர்-எஸ் என்று விற்ற வண்டி, மூன்றுக்கும் இந்தக் குணம் பொது. மூன்றும் ஜப்பானின் குன்மா மாநிலத்தில் சுபாருவின் ஓட்டா ஆலையில் பிறந்தவை. எஃப்ஏ20 என்ற 2.0 லிட்டர் படுக்கை நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐசின் தயாரித்த ஆறு வேக மேனுவல் கியர்பாக்ஸ். இங்கே சொல்வதெல்லாம் இந்த வண்டிக்குத்தான். 2021-இல் வந்த 2.4 லிட்டர் ஜிஆர்86-க்கு இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் குற்றவாளி ஆயில்தானா என்று பாருங்கள். வண்டி சூடாக இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதித்து ஐந்து எண்ணுங்கள். பிறகு லீவர் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸ் அப்போதும் கரகரத்தால், கிளட்ச் முழுசாக விடுபடவில்லை, கியர்பாக்ஸின் உள்தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கிளட்ச் லைனில் காற்று இருக்கலாம், திரவம் கெட்டிருக்கலாம், பெடல் சரிக்கட்டு தவறியிருக்கலாம். அந்தத் திரவம் கறுத்திருந்தால் டாட் 3 பிரேக் திரவம் போட்டு லைனைப் பிளீட் செய்து, அதாவது காற்றையும் பழைய திரவத்தையும் வெளியேற்றிப் பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸ் பக்கம் வரவேண்டும். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, குளிரில் மட்டும் இரண்டாம் கியர் அடம் பிடித்தால் ஆயில் மாற்றுவதில் பலன் உண்டு. சூடான பிறகும் இரண்டாம் கியர் கடிக்கிறது என்றால், கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. அதை எந்த விலை ஆயிலும் மீட்டுத் தராது.

குளிரில் மட்டும் ஏன்? கியர் விழுவதற்கு முன் பித்தளை சின்க்ரோ வளையம் கியரின் கூம்பைப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமப்படுத்த வேண்டும். அதற்கு நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை வளையம் முதலில் கிழிக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் படலம் சீக்கிரம் கிழியாது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பல் விகித வித்தியாசமும் அதிகம், ஆகவே வளையத்துக்கு அங்கேதான் வேலை அதிகம். மலேசியா மாதிரி வெப்ப நாட்டில் இந்தத் தொல்லை குறைவாகவும், பனி நாட்டில் தாங்க முடியாததாகவும் இருப்பது இதனால்தான்.

இங்கேதான் பலர் பணத்தைக் கொட்டித் தவறு செய்கிறார்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் வகைகள். கடையில் ஜிஎல்-5 ஆயில் சுலபமாகக் கிடைக்கும், எண் பெரிசாக இருப்பதால் தரமும் பெரிசு என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். ஜிஎல்-5 என்பது, ஒன்றோடொன்று வழுக்கி உரசும் ஹைப்பாய்ட் பற்கள் உள்ள டிஃபரன்ஷியலுக்காக (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பகுதி) வந்தது. அதில் கந்தகம் கலந்த கடும் அழுத்தச் சேர்க்கைகள் அதிகம். பல ஜிஎல்-5 ஆயில்களில் இவை பித்தளையை அரிக்கும். அரிக்காத வகையாக இருந்தாலும் வழுக்கல் கூடிப்போய் வளையம் கூம்பைப் பிடிக்க முடியாமல் தவிக்கும். கியர்பாக்ஸுக்கு வேண்டியது 75டபிள்யூ-90 (இது ஆயிலின் கெட்டித்தன்மை எண்), ஜிஎல்-4. டப்பாவில் 'ஜிஎல்-4/ஜிஎல்-5' என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.

கியர்பாக்ஸ் குடிப்பது 2.2 லிட்டர். ஒரு லிட்டர் டப்பா மூன்று வாங்குங்கள். அடியில் படுப்பதே பாதி வேலை, அதனால் பின்னால் உள்ள டிஃபரன்ஷியலையும் அதே நாளில் முடித்துவிடுவது நல்லது. அதற்கு 75டபிள்யூ-85, ஜிஎல்-5, அளவு 1.15 லிட்டர். அந்த 150 மில்லிக்காக இரண்டாவது டப்பா வாங்கித்தான் ஆகவேண்டும், ஒரு லிட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். டோர்சன் வகை எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருந்தால் உராய்வுச் சேர்க்கை எதுவும் தேவையில்லை. அது கிளட்ச் தட்டுகளால் அல்ல, பற்களால் வேலை செய்வது.

கருவிகள்: கியர்பாக்ஸ் பிளக்குகளுக்கு 24 மி.மீ. சாக்கெட், டிஃபரன்ஷியலுக்கு 10 மி.மீ. ஆலன் பிட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், பிளக் ஒவ்வொன்றுக்கும் புது வாஷர், நான்கு லிட்டராவது பிடிக்கும் தட்டு, ஒன்றரை இரண்டு மீட்டர் நீள தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ், அதன் வாயில் இறுக்கமாக உட்காரும் புனல். ஒரு ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டுகளும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம். எடை ஒரு பக்கம் ஏறினால் எச்சரிக்கை இல்லாமல் பொடியாகும்.

பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்குங்கள், நெடுஞ்சாலைப் பயணம் முடித்த கையோடு அடியில் புகாதீர்கள், சைலன்சர் குழாய் கையைச் சுட்டுவிடும். பிறகு நான்கு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்குவது சோம்பேறித்தனம். இந்த கியர்பாக்ஸில் அளவுக்கோல் கிடையாது, நிரப்பும் துளையின் கீழ் விளிம்புதான் அளவு. வண்டி சாய்ந்திருந்தால் ஆயில் குறைவாகவோ அதிகமாகவோதான் நிற்கும். வண்டியை ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்றால் மட்டும் உள்ளே போங்கள்.

அடியில் போனதும் முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் பிளக், கீழே உள்ள வடிகால் பிளக் அல்ல. இதை மட்டும் மறக்கவே கூடாது. ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருவில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றால், வண்டி அங்கேயே நிற்கும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூட முடியாது. டிஃபரன்ஷியலுக்கும் இதே வரிசை. அங்கே ஆலன் துளைக்குள் படிந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஆழமாக உட்கார வைத்த பிறகே திருப்புங்கள். அரைகுறையாக நுழைந்த பிட் துளையை உருட்டிவிடும், அப்புறம் வெல்டிங்காரரைத் தேடவேண்டியதுதான்.

வடிகால் பிளக்கைத் திறந்ததும் ஆயில் நேராக விழாது, முதலில் ஓரடி தள்ளிப் பாயும், தட்டை அதற்கேற்ப வையுங்கள். சொட்டு நிற்கக் கால் மணி நேரம் கொடுங்கள். அதற்குள் வடிந்த ஆயிலைப் பாருங்கள். பிளக்கின் காந்த முனையில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிடலாம். வெயிலில் காட்டும்போது ஆயிலுக்குள் பொன் தூள் மாதிரி மினுங்கினால் அது சின்க்ரோ பித்தளை. கொஞ்சம் என்றால் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குழம்பு மாதிரி நிறைய இருந்தால் வளையம் போய்க்கொண்டிருக்கிறது. விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் சில்லு கிடைத்தால் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, பாக்ஸைப் பிரிக்க வேண்டும். வடிந்ததை அளந்தும் பாருங்கள். இரண்டு லிட்டருக்கும் கணிசமாகக் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் பின் சீலைச் சுற்றிப் பாருங்கள்.

புது வாஷரோடு வடிகால் பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு டார்க் ரெஞ்சில் 37 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கேட்பதற்கு ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் கூடு அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும், அதைப் பார்த்து நமக்கும் கழன்றுவிடும். டிஃபரன்ஷியல் பிளக்கின் அளவு வேறு, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து ரெஞ்சை மாற்றி வையுங்கள்.

நிரப்பும் துளைக்குப் பக்கத்தில் டப்பாவைச் சாய்க்க இடம் இருக்காது. அதனால் பானெட்டைத் திறந்து, எஞ்சினின் பின்புறம் வழியாக ஹோஸை இறக்கி, முனையைத் துளைக்குள் செருகுங்கள். மேலே புனலில் ஒருவர் மெதுவாக ஊற்ற, கீழே ஒருவர் பார்த்துக்கொள்வது சுகம். ஹோஸ் சைலன்சர் குழாயில் படக்கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் இளகிவிடும். ஆயில் குளிர்ந்திருந்தால் டப்பாக்களைச் சற்று நேரம் வெந்நீர் வாளியில் நிற்க வைத்தால் சீக்கிரம் இறங்கும். துளையிலிருந்து வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, தாரை மெலிந்து சொட்டாகும்வரை காத்திருந்து பிளக்கை மூடுங்கள், அதுவும் 37-தான். ஒன்றரை லிட்டரிலேயே வழிந்தால் நிரம்பிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்; வண்டி மட்டத்தில் இல்லை, அல்லது ஹோஸின் முனை துளையை அடைத்துக்கொண்டு ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது.

இருபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்றால், சாதாரண ஓட்டத்துக்கு 60,000 போதும். டிராக்கில் ஓட்டுபவர் வருடம் ஒருமுறை மாற்றலாம். புது ஆயில் போட்டாலும் குளிர்ந்த பாக்ஸ் குளிர்ந்த பாக்ஸ்தான், முதல் சில கிலோமீட்டருக்கு 3,000 சுற்றுக்குள் கியர் மாற்றுங்கள், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி இரண்டாவதைத் தள்ளாமல் சாயவிடுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட்டால் வளையத்துக்குப் பாதிச் சுமை குறையும்.

பழைய ஆயிலை அதே டப்பாக்களில் ஊற்றி, பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அன்று இரவு கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வண்டியை நிறுத்துங்கள். காலையில் தாளில் ஒன்றிரண்டு சொட்டு இருந்தால் பிளக்கைச் சுற்றிச் சரியாகத் துடைக்கவில்லை, துடைத்து இன்னொரு தாள் விரியுங்கள். இரண்டாம் நாளும் சொட்டினால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பிளக்கை மேலும் இறுக்காதீர்கள், கழற்றி வேறு வாஷர் போட்டு மூடுங்கள்.