அப்லேஷன், பேஸ்மேக்கர்: வீடு திரும்பியபின் நடக்கும் தவறுகள்

"துடிப்புதான் சீராகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) அப்லேஷன் (அந்தத் துடிப்பைக் கிளப்பும் இடங்களை, வழக்கமாகச் சூட்டினால், செயலிழக்கச் செய்வது) செய்துகொண்டவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தியும் விடுகிறார்கள். இருப்பதிலேயே ஆபத்தான தவறு இது. இதயத்தின் உட்புறம் ஆறும்வரை அங்கே ரத்தக்கட்டி உண்டாகலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் முதல் 2, 3 மாதம் மாத்திரை கட்டாயம். அதற்கப்புறமும் தொடர வேண்டுமா என்பதை வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்து டாக்டர் முடிவு செய்வார். ஈசிஜி நன்றாக இருப்பது மட்டும் போதாது.

அதே முதல் சில வாரங்களில் படபடப்பு திரும்ப வந்தால், பணம் வீண் என்று நொந்துகொள்பவர்களும் உண்டு. ஆறுகிற காலத்தில் அது வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் தோல்வி என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்.

காய்ச்சலை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. அப்லேஷன் சூட்டினால் அதில் புண் ஏற்பட்டு, அபூர்வமாக இரண்டுக்கும் இடையே ஓட்டை விழலாம். இது தெரியவருவது பெரும்பாலும் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்துத்தான். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் என எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் "அப்லேஷன் செய்திருக்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். ஓட்டை இருப்பது தெரியாமல் எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தால், உள்ளே செலுத்தும் காற்று இதயம் வழியாக மூளைக்குப் போய்விடக்கூடும். முதலில் எடுக்க வேண்டியது மார்பு சிடி ஸ்கேன்.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பல்ஸ்டு ஃபீல்ட் என்ற அப்லேஷன் முறை, சூட்டுக்குப் பதில் மிகக் குறுகிய நேர மின்துடிப்புகளைப் பயன்படுத்துகிறது. உணவுக்குழாய்க்கு ஆபத்து வெகுவாகக் குறைவு. அதற்காக ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால், மெஷின் புதிதா என்பதைவிடச் செய்பவருக்கு எவ்வளவு அனுபவம் என்று விசாரிப்பதே மேல்.

இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தவர்கள், அதை இதயத்தோடு இணைக்கும் ஒயர் நகர்ந்துவிடும் என்று பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பார்கள். சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் தூக்காமலும் கனமான பொருளைச் சுமக்காமலும் இருந்தால் சரி. அசைக்காமலே விட்டால் தோள்பட்டை இறுகிவிடும்.

ஒயரே இல்லாத பேஸ்மேக்கரும் இருக்கிறது. 2016இல் அமெரிக்க அனுமதி பெற்ற மைக்ரா சுமார் 2 கிராம்தான், தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. பல ஆண்டுகள் கழித்து வெளியே எடுப்பது கடினம் என்பதால் இளவயதினருக்கு வைக்க யோசிப்பார்கள்.

செல்போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள், பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். பின்பக்கம் காந்தம் உள்ள ஐபோன் 12, அதற்குப் பிந்தைய மாடல்கள் என்றால் கூடுதல் கவனம். எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது என்பது பழைய கதை. இப்போது வரும் பல கருவிகளோடு எடுக்கலாம், ஸ்கேனுக்கு முன் பேஸ்மேக்கரின் செட்டிங்கை மாற்ற வேண்டும், முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும். எந்த மாடல் என்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் இருக்கும். அதை பீரோவில் பூட்டி வைக்காமல் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.