திப்பிலி: கொடி நடுவதிலிருந்து சூரணம் வரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் அசாம் காடுகளிலும், மர நிழலில் இலைமக்கின் மேல் படர்ந்து வளரும் கொடி திப்பிலி. தோட்டத்தில் வைத்தாலும் அதே நிழலும் ஈரமும் வேண்டும். தென்னை, பாக்கு மரங்களின் அடி நல்ல இடம். முழு வெயிலில் இலை வெளுத்துக் கருகும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது பெண் கொடியின் கதிர். ஆண் கதிர் மெலிந்து நீண்டிருக்கும். பெண் கதிர் ஓர் அங்குலத்துக்குள் குட்டையாகத் தடித்திருக்கும். கதிரைப் பார்க்காமல் தண்டு வெட்டி வந்தால் ஆண் கொடி அமைந்துவிடலாம்; அதில் காய் வராது. தரையில் ஓடும் தண்டின் இலை வெற்றிலை போலக் காம்போடு இருக்கும். கதிர் விடும் நிமிர்ந்த கிளையிலோ, காம்பில்லாமல் தண்டைத் தழுவி நிற்கும்.

மார்ச், ஏப்ரலில் 3 முதல் 5 கணு உள்ள துண்டுகளைப் பையில் வேர்பிடிக்க வைத்து, மழை தொடங்கியதும் 2 அடி இடைவெளியில் நடுங்கள். சுமார் 6 மாதத்தில் கதிர் வரத் தொடங்கும்.

பறிக்கும் பருவம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கதிர் தோன்றி ஏறத்தாழ 2 மாதத்தில் கரும்பச்சையாகிக் கெட்டிப்படும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: முதலில் லேசாக இனித்து, பிறகு சுள்ளென்று எரிந்து, நாக்கு மரத்துப்போனால் சரியான பதம். பழுக்க விட்டால் காரம் இறங்கும், காயும்போது உதிரும். எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. முற்றியதைப் பார்த்துப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும்.

வெயிலில் 4, 5 நாள் காய வையுங்கள். 10 கிலோ பச்சைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேறும். ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். பொடி சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால் முழுசாகவே கண்ணாடிப் புட்டியில் வைத்து, வேண்டியபோது இடித்துக்கொள்ளுங்கள்.

திரிகடுகுச் சூரணத்துக்குத் தோல் சீவிய சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை. தனித்தனியாக இளஞ்சூட்டில் வறுத்து, இடித்து, சலித்த பிறகே எடை போடுங்கள். சுக்கில் நார் கழிவதால் முன்பே நிறுத்தால் அளவு மாறிவிடும். சளி, இருமலுக்குப் பெரியவர்கள் 2 சிட்டிகையைத் தேனில் குழைத்து, சாப்பாட்டுக்குப் பின் 3 நாள் சாப்பிடுவது வழக்கம். மாதக்கணக்கில் தொடர வேண்டாம். வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. திப்பிலிக்குக் காரம் தரும் பைப்பரின் என்ற சத்து, சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். வலிப்புக்கு ஃபெனிடோயின், ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வயதான கொடியின் வேரையும் தடித்த அடித்தண்டையும் வீசிவிடாதீர்கள். துண்டாக்கி உலர்த்தினால் அதுதான் கண்டந்திப்பிலி. உடம்பு வலிக்கு வைக்கும் ரசத்தில் மிளகோடு நெய்யில் வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள்.