மாலரின் பத்தாவது சிம்பொனியை டெரிக் குக் 'முடித்தார்' என்று எழுதாதீர்கள்

பிரிட்டிஷ் இசை ஆய்வாளர் டெரிக் குக் பற்றிய குறிப்புகளில் முதல் வரியிலேயே ஒரு தவறு வந்து உட்கார்ந்துவிடுகிறது: "ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் முடிக்காமல் விட்ட பத்தாவது சிம்பொனியை முடித்தவர்." 1919-ல் லெஸ்டரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, பிபிசியில் வேலை பார்த்த குக் அந்தச் சொல்லை ஏற்கவே இல்லை. 1976-ல் அச்சான பதிப்பின் தலைப்பிலேயே, இது மாலரின் வரைவை மேடையில் வாசிக்க ஏற்ற வடிவம் என்றுதான் போட்டிருக்கிறார்.

அது தன்னடக்கம் இல்லை, உண்மை. 1910 கோடையில் மாலர் ஐந்து பகுதிகளையும் முதலிலிருந்து கடைசிவரை வரைந்துவிட்டார். முதல் இரண்டும், மூன்றாவதின் தொடக்கமும் முழு இசைக்குழுவுக்கான வரைவாகவே இருந்தன. மற்றதெல்லாம் சில வரிகளுக்குள் சுருக்கி எழுதியது, எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்பது அங்கங்கேதான் தெரியும், சில இடங்களில் மெட்டு மட்டும் துணையில்லாமல் ஓடும். 1911 மே மாதம் அவர் இறந்துபோனார். வாத்தியங்களைப் பிரித்துக் கொடுத்ததும், மெலிந்த இடங்களை நிரப்பியதும்தான் குக்கின் வேலை. முடிவு மாலருடையது, அந்தக் கடைசிப் பக்கத்தில் மனைவி ஆல்மாவுக்கு "உனக்காக வாழ, உனக்காகச் சாக" என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார்.

அப்புறம், ஆல்மாவை வில்லியாக்காதீர்கள். 1960 டிசம்பரில் குக்கின் வடிவத்தை பிபிசி ஒலிபரப்பியதும் தடை போட்டார், சரி. ஆனால் 1963-ல் ஒலிப்பதிவைக் கேட்டு மனம் மாறி அவரே அனுமதி கொடுத்தார். 1964 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் நடக்கும் 'பிராம்ஸ்' இசை விழாவில் பெர்த்தோல்ட் கோல்ட்ஷ்மிட் இசைக்குழுவை நடத்த அது முழுதாக ஒலித்தது. குக்குக்குத் துணை நின்ற கோல்ட்ஷ்மிட் பெயரையும், பிற்பாடு திருத்தங்களில் கைகொடுத்த காலின், டேவிட் மேத்யூஸ் சகோதரர்கள் பெயரையும் விட்டுவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஒலித்தட்டு வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இசைக்குழு நடத்துநர் ஆர்மண்டி 1965-ல் பதிவு செய்தது முந்தைய வடிவம், 1972-ல் மேடையேறிய திருத்திய வடிவம் வேறு.

முக்கியமாக, முதல் பகுதியான அடாஜியோவோடு நிறுத்திவிடாதீர்கள். நடத்துநர் பெர்ன்ஸ்டைனே அத்தோடு நின்றார், அவர் தயக்கம் புரிகிறது. ஆனால் நியூயார்க்கில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்த ஒரு தீயணைப்பு வீரரின் சவ ஊர்வலத்தில் மாலர் கேட்ட அந்தத் துணி மூடிய முரசின் அடி நான்காவது பகுதியின் முடிவிலும் கடைசிப் பகுதியிலும்தான் விழுகிறது, அதற்குப் பிறகு ஒற்றைப் புல்லாங்குழல் எழுவதும் அந்தக் கடைசிப் பகுதியில்தான்.